பாஸ்புத்தகமா, செல்போனா?

மாதம் பிறந்தால் போதும். ராசிபுரமானாலும் சரி, நாமக்கல்லானாலும் சரி, பாங்க் திறக்கும் முன்பே மஞ்சப்பையும் கையுமாகப் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் பணம் எடுக்க வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் பாஸ்புத்தகத்தில் என்ட்ரி போட்டுக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கிற இளவட்டம் இல்லாத வீடு உண்டா? "எல்லாந்தான் செல்போன்லயே தெரியுதே, இதுக்குப் போயி எதுக்கு பஸ் ஏறி வெயில்ல காயணும்?" என்று ஒரே பேச்சு.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் லீவுக்கு வந்தபோதெல்லாம் "அப்பா, நெட் பாங்கிங் போட்டுத் தர்றனுங்ப்பா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். மாமா சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "போன்ல இருக்கறது நீ காட்டற வரைக்குந்தான் எனக்குத் தெரியும் தம்பி. புஸ்தகம்னா, ராத்திரி பத்து மணிக்குக்கூட நானே எடுத்துப் பாத்துக்குவேன்."

வீம்பு என்று தள்ளிவிட முடியாது சகோதரிகளே. அந்தத் தலைமுறை பார்த்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பேரிலேயே சேலம் பாங்க் என்று ஒன்று இருந்தது. 1960-களில் அது இந்தியன் பாங்கோடு சேர்ந்துவிட்டது. 1969 ஜூலை 19-ல் பதினாலு பாங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? பக்கத்தில் கரூரில் பிறந்த லக்ஷ்மி விலாஸ் பாங்குக்கு 2020 நவம்பர் 17-ல் கட்டுப்பாடு வந்து, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில், 27-ம் தேதி, அது டி.பி.எஸ். பாங்கோடு இணைந்துவிட்டது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் போகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் பெரியவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? கையில் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பது ஒரு தைரியம்தான். (டெபாசிட்டுக்கு இருக்கும் இன்ஷூரன்ஸ் ஒரு லட்சமாக இருந்தது, 2020 பிப்ரவரி 4-லிருந்து 5 லட்சம் ஆயிற்று. ஒரு பாங்கில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, அவ்வளவுதான். மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் போடுகிறவர்கள் கவனிக்கவும்.)

இன்னொன்று. "இப்பல்லாம் பாஸ்புக் தர்றதில்லைங்கம்மா, ஆப்ல பாத்துக்கங்க" என்று கவுண்ட்டரில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் தனி நபர்களுக்குப் பாஸ்புத்தகம் தர வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. மரியாதையாக, ஆனால் அழுத்தமாகக் கேளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, காகிதம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். காரணம் எங்கள் சின்னத்தை.

என் மாமியாரின் தங்கை, திருச்செங்கோட்டில் தனியாக இருக்கிறார். சித்தப்பா காலமான பிறகு வந்த பணத்தில் 2 லட்சத்தை டெபாசிட் போடப் போனார். பேரைச் சொல்ல வேண்டாம், ஒரு பாங்க். அங்கே ஒரு பையன், ரொம்பப் பதவிசாகப் பேசி, "ஒன்றரை லட்சம் டெபாசிட், மீதி 50,000 இதுல போடுங்க பாட்டி, இதுவும் அது மாதிரிதான், கூட வரும்" என்று நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அது வருஷா வருஷம் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிசி! அட்டை போட்ட இங்கிலீஷ் புத்தகம் வீட்டுக்கு வந்தது. பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மறு வருஷம் இன்னொரு 50,000 கணக்கிலிருந்து தானாகவே போயிருந்தது. முழங்கால் வலியில் பாங்குக்குப் போகவில்லை, போனபோது என்ட்ரி மிஷின் ரிப்பேர். மூன்று மாதம் கழித்துத்தான் புத்தகத்தில் அது விழுந்தது, விஷயமும் தெரிந்தது.

போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது. யாருக்கு? கணக்குத் திறந்தபோது கொடுத்த நம்பர், காலேஜில் படித்த பேரனுடையது. அவன் வேலைக்குப் போய் வேறு சிம் வாங்கி, பழையதைத் தூக்கிப் போட்டு வருஷம் இரண்டு ஆகிறது. தொடர்ந்து 90 நாள் உபயோகிக்காத சிம்மை கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிடலாம், பிறகு அந்த நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். நம் வீட்டுப் பணம் போன சேதி, முகம் தெரியாத யாரோ ஒருவர் கையில்!

இப்படி ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாலிசி கைக்கு வந்த சில நாட்களுக்குள் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால், சின்னச் சின்னப் பிடித்தம் போகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முன்பு 15 நாளாக இருந்த இந்தக் கெடு 2024-ல் 30 நாளாக ஆயிற்று. சின்னத்தை விஷயத்தில் அந்த முப்பது நாள் எப்போதோ போய்விட்டது. எழுத்தில் புகார் கொடுத்து, கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது. முதல் வருஷம் "பிரீமியம்" என்று ஒரு எஸ்.எம்.எஸ். அவர் கையில் இருக்கும் போனுக்கே வந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டியாவது அன்றைக்கே கேட்டிருப்பார்.

அப்போது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. புத்தகம் பொய் சொல்லாது, ஆனால் தாமதமாகச் சொல்லும். போன் உடனே சொல்லும், ஆனால் அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொல்லும்.

தாமதத்துக்கு என்ன விலை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மேல் தப்பில்லாமல் வெளியாள் யாரோ மோசடி செய்து கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் பாங்குக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஏழு வேலை நாள் தாண்டிவிட்டால் பாங்க் வைத்த சட்டம்தான். மாதம் ஒரு தடவை என்ட்ரி போடுகிறவர் மூன்று நாளில் எப்படிச் சொல்வது? அதனால் எஸ்.எம்.எஸ். அவசியம்.

அதே விதியில் இன்னொரு பக்கமும் உண்டு. நாமே ஓ.டி.பி.யையோ ரகசிய எண்ணையோ இன்னொருவருக்குச் சொல்லிப் பணம் போனால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது போனதுதான். "கே.ஒய்.சி. முடிஞ்சுருச்சு, பென்ஷன் நின்னுரும்" என்று போன் வந்தால் எங்கள் மாமா கேட்கும் ஒரே கேள்வி: "எந்த பிராஞ்ச் தம்பி? நேர்லயே வந்தர்றன்." அந்தப் பக்கம் லைன் கட்! பணம் வாங்குவதற்கு நாம் எந்த ரகசிய எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை, அனுப்புவதற்குத்தான் அது. இந்த ஒரு வரியை வீட்டுப் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மீறிப் போய்விட்டால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், பாங்குக்கும் தெரிவிக்க வேண்டும். நாலு பேரிடம் அழுதுவிட்டு மறுநாள் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் எங்கள் வீட்டில் ஏற்பட்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குப் பாஸ்புத்தகம் அப்படியே இருக்கிறது. பட்டன் போனும் அப்படியே. பாங்கில் எழுதிக் கொடுத்து அந்த நம்பரையே கணக்கில் பதிந்தாயிற்று, எஸ்.எம்.எஸ். வருவதற்குப் பட்டன் போனே போதும், டச் போன் வேண்டியதில்லை. பென்ஷன் வரும் கணக்கு ஒன்று. மருந்து, பால், கரண்ட் பில்லுக்குக் கொஞ்சம் பணம் மட்டும் உள்ள சின்னக் கணக்கு இன்னொன்று. ஜிபே மாதிரி சமாசாரமெல்லாம் அந்தச் சின்னக் கணக்கில்தான், அதுவும் எங்க வீட்டுக்காரர் போனில். பெரிய கணக்குக்கு நெட் பாங்கிங் கேட்டபோது, பார்க்க மட்டும் உரிமை கொடுங்கள், அனுப்பும் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லா பாங்கிலும் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கொழுந்தனார் பெங்களூரிலிருந்தே பார்த்துக்கொள்கிறார், மாமாவும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை போனில் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது தனி வேடிக்கை. "நீ பதினேழு ரூபாய விட்டுட்ட தம்பி" என்று மாமா சொன்னது எஸ்.எம்.எஸ். சார்ஜ்!

புத்தகத்தில் சின்னத் தொகைகளையும் படியுங்கள் சகோதரிகளே. மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் விபத்து இன்ஷூரன்ஸ். 70 வயது வரை உண்டு, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், கேட்பாரில்லாமல் போகிற பணம் இது.

நடக்க முடியாதவர்களுக்கு: 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற உதவிகளைச் செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி பாங்குகளுக்குச் சொன்னது. நம் கிராமத்துப் பக்கம் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் கிடைக்காது. நவம்பரில் கொடுக்கும் உயிர்ச் சான்றுக்குத் தபால்காரரையே வீட்டுக்கு வரச் சொல்லலாம். தறியிலும் காட்டிலும் உழைத்து ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் வழியும் 2021-லிருந்து இருக்கிறது.

அப்புறம், அடுத்த தடவை என்ட்ரி போடப் போகும்போது புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாமினி பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்றும் எழுதலாம். மாமா ஃபாரம் வாங்கி வந்து, அத்தை பேரை முதலில் எழுதிவிட்டு, மீதி மூன்று இடத்துக்கு யாரைப் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மகன்கள் இருவரும் திடீரென்று அடிக்கடி போன் செய்கிறார்கள்.