நுனி வெடித்த மயிரும் நூறு சாஸ்திரமும்

நமது பெண் மக்களின் தலைமயிர் விஷயமாய் இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத முன்வருகின்றோம். "நாட்டில் எவ்வளவோ காரியமிருக்க, மயிரைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் சிரிக்கக்கூடும். தாராளமாய்ச் சிரிக்கட்டும். ஒரு பெண் தன் தலையில் முளைத்த மயிரில் அரை அங்குலத்தைக் கத்தரித்துக் கொள்ள மாமியாரையும், புருஷனையும், பஞ்சாங்கத்தையும் உத்தரவு கேட்க வேண்டியிருக்கும் வரையில் அந்த அரை அங்குலம் பெரிய விஷயந்தான் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். நீளமாய் மயிர் வளர்த்திருப்பவர்கள் அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒற்றை மயிர் பாம்பு நாக்குப் போல் இரண்டாய்ப் பிளந்திருப்பதைக் காணலாம். வைத்தியர்கள் இதற்கு டிரைக்கோப்டிலோசிஸ் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். நமது வீடுகளிலோ, "எவள் கண்ணோ பட்டுவிட்டது" என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுகின்றார்கள். கண் பட்டா மயிர் பிளக்கிறது? மண்டைத் தோலுக்குள் இருக்கும் வேருக்கு மட்டுந்தான் உயிருண்டு. வெளியே தெரிவதெல்லாம் கெராட்டின் என்னும் புரதத்தாலாகிய உயிரற்ற நார். ஓட்டு வீட்டின் கூரையில் ஓடு அடுக்கினாற்போல், அந்த நாரை மெல்லிய செதில்கள் மூடிக் காப்பாற்றுகின்றன. மயிர் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளருகின்றது. ஆகவே 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது சுமார் 5 வருஷமாகும். இந்த 5 வருஷமும் வெயிலும், சீப்பும், முரட்டுத் துண்டும், இறுகக் கட்டிய ரப்பர் வளையமும், இக்காலத்தில் சாயமும், மயிரை நேராக்கும் மின்சார இஸ்திரியும் சேர்ந்து ஓடுகளைப் பெயர்த்து விடுகின்றன. ஓடு போனபின் உள்ளேயிருக்கும் நார் பிரிகின்றது. இதில் கண் எங்கே வந்தது? தோஷம் எங்கே வந்தது?

உயிரற்ற பொருள் தானாய்க் கூடாது. அறுந்த வேஷ்டி தானாய்த் தைத்துக் கொள்ளுமா? பிளந்த மயிருக்கும் அதே கதிதான். பிளவுக்குச் சற்று மேலே வெட்டி எறிவது ஒன்றே பரிகாரம். வெட்டாவிட்டால் பிளவு மேலேறி, நடுவில் முறிந்து, காப்பாற்ற நினைத்த நீளமும் போய்விடும்.

இவ்வளவு சுலபமான காரியத்திற்கு எத்தனை முட்டுக்கட்டை பாருங்கள்! செவ்வாய்க்கிழமை ஆகாதாம், வெள்ளிக்கிழமை லட்சுமி போய்விடுவாளாம், விளக்கு வைத்தபின் கத்திரிக்கோல் எடுக்கக் கூடாதாம், தேய்பிறையில் வெட்டினால் வளராதாம். பெண் மயிரை வெட்டினால் புருஷன் ஆயுளுக்கே கெடுதியாம்! அப்படியானால் அவன் மாதந்தவறாமல் கிராப்பு வெட்டிக் கொள்ளுவதால் பெண்சாதியின் ஆயுளுக்குக் கெடுதி வர வேண்டாமா? அதைப்பற்றி மட்டும் ஒரு சாஸ்திரமும் வாய் திறப்பதில்லையே, ஏன்?

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். அரை அங்குல நுனியை வீட்டில் வெட்டினால் அமங்கலம் என்பவர்களே, அதே பெண்ணைத் திருப்பதிக்கும் பழனிக்கும் அழைத்துப்போய் முழு மொட்டை அடித்தால் புண்ணியம் என்கின்றார்கள். திருமலையில் அப்படி இறக்கிய மயிரைத் தேவஸ்தானமே ஏலம் போட்டு விற்கின்றது. கோடிக்கணக்கான ரூபாய் வருமானம் வருகின்றது. அந்த மயிர் கப்பலேறி வெளிநாட்டுச் சீமாட்டிகளுக்குச் சவரியாகின்றது. அதுமாத்திரமா? உயர்ந்த ஜாதி என்று சொல்லிக் கொண்டவர்கள் வீடுகளில் புருஷன் செத்ததும், அழுது கொண்டிருந்த சிறு பெண்களின் தலையைக்கூடச் சிரைத்தார்களே! அப்போது லட்சுமி எங்கே போயிருந்தாள்? ஆகவே, மயிரை வெட்டுவது பாவமென்பதல்ல இவர்கள் சித்தாந்தம். பெண் தானாக வெட்டிக் கொள்ளுவதுதான் பாவமென்பது.

நிற்க, பஞ்சாங்கக்காரன் விட்ட இடத்தில் வியாபாரி பிடித்துக் கொள்ளுகின்றான். "வெடித்த நுனியை ஒட்ட வைக்கும் அபூர்வத் தைலம்" என்று விளம்பரம் செய்கின்றான். சிலிகோன் கலந்த பூச்சுகள் பிளவை மூடி வழவழப்பாய்க் காட்டுவது வாஸ்தவந்தான். ஆனால் குளித்தால் பூச்சுப் போகும். பிளவு அப்படியே நிற்கும். நாம் எண்ணெய்க்கு விரோதியல்ல. தேங்காயெண்ணெய் மயிருக்குள் ஊறி, கழுவும்போது புரதம் வீணாவதைக் குறைக்கின்றதென்று 2003ல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கின்றது. வராமல் தடுக்க அது உதவும். வந்ததைக் கூட்ட உதவாது. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மறைப்பதுதான் புரட்டு.

இந்த அடிமைத்தனம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவில் நீக்ரோவர் என்று இழிவாய் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களின் பெண்கள், தங்கள் இயற்கையான சுருள் மயிர் யோக்கியதைக் குறைவென்று சொல்லப்பட்டதால், தலைமுறை தலைமுறையாய்ப் பழுக்கக் காய்ச்சிய சீப்பாலும் காரமருந்தாலும் அதை நேராக்கி வந்தார்கள். வெந்த மயிர் நுனிதோறும் வெடித்தது. அப்படி நேராக்கும் மருந்தை அடிக்கடி உபயோகித்தவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகமாய்க் காணப்பட்டதென்று 2022ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி வெளிவந்தது. இயற்கை மயிரோடு வேலைக்கும் பள்ளிக்கும் வருபவர்களை விலக்கக் கூடாதென்று 2019ல் கலிபோர்னியாவில் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று! அங்கே நேராக்கு என்ற கட்டளை. இங்கே வெட்டாதே என்ற கட்டளை. இரண்டிலும் தலை ஒருத்தியுடையது, அதிகாரம் மற்றவருடையது.

"நீண்ட கூந்தல்தானே பெண்ணுக்கு அழகு?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். யாருக்குப் பிரியமோ அவர்கள் வளர்த்துக் கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் வளர்க்கிறவர்களுக்கும் கத்திரிக்கோல் வேண்டும் என்பதுதான் நாம் சொல்லுவது. வெட்டினால் வேகமாய் வளருமென்பதும் பொய். வெட்டினால் வளராதென்பதும் பொய். வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது.

ஆகையால் தாய்மார்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். மயிர் வெட்டவென்றே கூரான கத்திரிக்கோல் ஒன்று வாங்கி வையுங்கள். மழுங்கியது புதுப் பிளவை உண்டாக்கும். சில மாதத்திற்கொருமுறை பிளவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். சிக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி எடுங்கள். நேர் மயிரானால் சற்று உலர்ந்தபின் சீவுங்கள். சுருட்டையானால் ஈரத்திலேயே, வழவழப்புக்கு ஏதேனும் தடவி, பல் அகன்ற சீப்பால் சீவுங்கள். துண்டால் முறுக்கித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

எந்தக் கிழமை வெட்டுவது என்று கேட்பீர்களானால், உங்களுக்கு ஒழிவிருக்கும் கிழமையில் வெட்டுங்கள். அது வெள்ளிக்கிழமையாயிருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையில் புருஷனும் உயிரோடிருப்பான், பெட்டியிலிருந்த பணமும் அப்படியே இருக்கும். அதைப் பார்க்கும் உங்கள் பெண் குழந்தைக்கு எத்தனை பிரசங்கம் செய்தாலும் வராத பகுத்தறிவு அந்த ஒரு காரியத்தால் வந்துவிடும்.