செயல் இருக்கின்றது; மொழி எங்கே?

சூன் திங்களில் பள்ளி திறக்கின்றது. இரண்டே அறைகள், ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். தமிழகத்துச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் நிலை இதுவே. ஆயினும் அந்த எளிய கூரையின்கீழ், சூன் முதல் செபுதம்பர் வரை நடைபெறும் முதற்பருவம் வெறுமையாய்க் கழிவதன்று. குழந்தைகள் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணப் பழகுகின்றனர். சாணாலும் முழத்தாலும் பலகையை அளக்கின்றனர். பாட்டியிடம் கேட்ட கதையை வகுப்பின் நடுவில் நின்று சொல்கின்றனர். ஆடிப்பட்டத்தில் ஊரார் நிலத்தில் விதைக்கும்போது, அவர்தம் மக்கள் கொட்டாங்கச்சியில் மண்ணிட்டுப் பயறு விதைத்து, முளை வெளிப்படும் நாளை ஏட்டில் குறித்து வைக்கின்றனர்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனத் தமிழ்ப் பெயர்களையே சூட்டியது. இவை யாவும் பாராட்டத்தக்கனவே. ஆனால், பெயரில் மலர்ந்த தமிழ் பாடத்தில் வாடுவது ஏன் என்பதே கேள்வி.

செயல் என்பது கையின் வேலை மட்டுமன்று. கை செய்வதைக் கண் காண்கின்றது. கண் கண்டதை மொழி பெயரிட்டு மனத்தில் நிறுத்துகின்றது. அப் பெயரீடு நிகழாதவிடத்துச் செயல் வெறும் விளையாட்டாகவே முடியும். இலை திரட்டும் பயிற்சி ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும். ஆலுக்கும் வேம்புக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை. மொழிஞாயிறு பாவாணர் எடுத்துக்காட்டிய இச் சொல்வளம் எந்த உழவர் வீட்டுக் குழந்தைக்கும் பள்ளிக்கு வருமுன்பே தெரியும். வகைப்படுத்தி அறிவதே அறிவியலின் முதற்படி எனின், அப் படியை அக் குழந்தை தாய்மடியிலேயே ஏறிவிட்டது. அதே குழந்தையை ஆங்கிலவழிப் பிரிவில் அமர்த்தி, திரட்டிய அனைத்தையும் 'லீப்' என்னும் ஒரே சொல்லுக்குள் திணிக்கச் செய்வது, ஏறிய படியினின்று அதைக் கீழே தள்ளுவதே அன்றோ?

முப்பருவ முறை புகுந்த அதே 2012-13-ஆம் கல்வியாண்டு தொடங்கித்தான் அரசுப் பள்ளிகளுக்குள் ஆங்கிலவழிப் பிரிவுகளும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. தனியார் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் ஓடுவதைத் தடுக்கவே இவ் ஏற்பாடு என்றனர். விளைவு என்ன? கணக்கும் சூழ்நிலையியலும் ஆங்கில நூலாயின. முளை வெளிவந்த நாளில் கொட்டாங்கச்சியைச் சூழ்ந்து கூவிய குழந்தை, கரும்பலகையில் 'செர்மினேசன்' என்று எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டு வாயடைத்து நிற்கின்றது. ஆசிரியர் விளக்குவது தமிழில். குழந்தை விளங்கிக்கொள்வதும் தமிழில். ஏட்டில் ஏறுவது மட்டும் விளங்காத ஆங்கிலம். இதற்குக் கல்வி என்று பெயரிடுவது தகுமா?

சட்டம் என்ன சொல்கின்றது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில் இரண்டு நெறிகளை அடுத்தடுத்தே வைத்துள்ளது. செயல்களாலும் தேடலாலும் கண்டறிதலாலும் கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. இயலும் அளவு தாய்மொழியே பயிற்று மொழியாதல் வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. முன்னதை ஏற்று விழா எடுக்கும் ஆட்சியாளர்கள், பின்னதைக் கண்டும் காணாதார் போல் கடந்து செல்கின்றனர். 'இயலும் அளவு' என்பதே அவர்கள் நுழைந்து தப்பும் சந்து. தமிழ்நாட்டில், தமிழ்ச் சிற்றூரில், தமிழ் ஆசிரியர் தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் கற்பிப்பது இயலாது எனின், வேறு எங்குத்தான் இயலும்?

முறைமன்றத் தீர்ப்புகளைச் சிலர் காட்டுவர். தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்தி 1999-இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்முறைமன்றம் 2000-இல் தள்ளியது மெய்யே. கருநாடக வழக்கில் 2014-இல் உச்சமுறைமன்றமும் பயிற்று மொழியை அரசு திணித்தல் ஆகாது என்றது. ஆனால், அரசு தன் சொந்தப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவைத் திறந்தே ஆக வேண்டும் என்று எந்த மன்றம் ஆணையிட்டது? கையைக் கட்டியது தீர்ப்பன்று, ஆங்கில மயக்கமே.

பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டாவா என்று கேட்கும் ஏழைப் பெற்றோரைப் பழித்தல் முறையன்று. அவர்கள் கேட்பது ஆங்கில அறிவு. அவர்களுக்குக் கொடுக்கப்படுவதோ ஆங்கிலப் பலகை. ஆங்கிலம் ஒரு மொழிப்பாடமாக முதல் வகுப்பிலிருந்தே இருக்கின்றது. அதனைச் செம்மையாகக் கற்பிக்க வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அமர்த்துவதே அரசின் கடன். தாய்மொழியில் எண்ணக் கற்ற குழந்தை பிறமொழியையும் ஊன்றிக் கற்கும். தாய்மொழிவழிக் கல்வியே சிறந்ததென யுனெசுகோ நிறுவனம் 1953-இலேயே எடுத்துரைத்துள்ளது.

பழிக்கத்தக்கவர் வேறு உளர். மேடையில் தமிழ் வாழ்க என முழங்கி, தம் பிள்ளைகளை மட்டும் விடியலில் ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றி அனுப்பும் தமிழ்ப்பற்றாளரே அவர். சிற்றூரார் தமிழ்ப் பள்ளியை விட்டு நீங்குவதற்கு வழிகாட்டியவர் அவர்தாம். தன் பிள்ளையைச் சேர்க்காத பள்ளியைக் காக்க ஊரை அழைப்பவன் சொல் எங்ஙனம் அம்பலம் ஏறும்?

தொடக்க வகுப்புகளில் தமிழே பயிற்று மொழி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஆங்கிலம் ஒரு மொழிப்பாடம். கோரிக்கை இம் மூன்றே. இவற்றை அரசிடம் கேட்குமுன், தமிழ்ப்பற்றாளன் தன் வீட்டில் தொடங்கட்டும். அடுத்த சூன் திங்களிலும் அச் சிற்றூர்ப் பள்ளி திறக்கும். புளியங்கொட்டைகளும் கொட்டாங்கச்சிகளும் அங்குக் காத்திருக்கும். அவன் பிள்ளை அங்கு இருக்குமா?