நிகாஹ் மஜ்லிஸில் புகைப்படக்காரரின் உடை



விருத்தாசலத்தில் பீங்கான் சூளையைப் படமெடுக்கச் செல்பவர் முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணிந்தே செல்வார், நெருப்பின் அச்சம். அவரே நம் நிகாஹ் மஜ்லிஸுக்கு, குனிந்தால் இடுப்பின் கீழே தெரியும் ஜீன்ஸுடன் வருகிறார். ஆணின் அவ்ரத் தொப்புள் முதல் முழங்கால் வரை என்பதை அவர் அறியார். அழைத்த நாம் அறிவோம். ஆல்பத்தின் பக்கங்களை எண்ணிப் பேரம் பேசிய நாம், உடையைப் பற்றி ஒரு சொல் சொன்னோமா? (படமெடுப்பது கூடுமா என்னும் மார்க்கச் சட்ட விவாதம் தனி, அதை இங்கு எடுக்கவில்லை.)

உடையைத் திருத்திவிட்டால் போதுமா? முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்த அந்நிய ஆண் பெண்கள் பகுதிக்குள் நுழைவது ஆகுமாகிவிடுமா? பார்வையைத் தாழ்த்துமாறு அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் முதலில் ஆண்களுக்கே ஆணையிடுகிறது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரை மணமகளின் அறைக்கு நாமே அனுப்பிவைக்கிறோம்!

பெண் புகைப்படக்காரர் கிடைப்பதில்லை என்பார்கள். எப்படிக் கிடைப்பார்? நம் பெண்மக்களின் கையில் கேமராவைக் கொடுக்க நாம் துணியவில்லையே. 1913இல் பிறந்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், சேலை உடுத்தியே நேருவைப் படமெடுத்தார். சேலை தடுக்காத தொழிலை ஹிஜாபா தடுக்கும்?

நிகாஹுக்கு நாள் குறிக்க வரும் குடும்பத்தாரிடம், பெண்கள் பகுதியில் படமெடுக்கப்போவது யார் என்று ஜமாஅத்தினர் அன்றே கேட்கட்டும்.