எண்களுக்குத் தாய்மொழி உண்டு

நுண்ணறிவுச் சோதனைகளுக்காக வாதாடுவோர் ஒன்றை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்: அந்நிய மொழியில் சோதிப்பது அநீதி. அடுத்த மூச்சிலேயே, "மொழிபெயர்த்துவிட்டால் குறை தீர்ந்தது, அதிலும் எண்களுக்கு ஏது பண்பாடு?" என்பார்கள். அந்த இரண்டாம் கூற்றோடுதான் எனக்குச் சண்டை.

முதல் அநீதி நீதிமன்றம் வரை சென்றது. கலிஃபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரிய வரம்பைத் தாண்டினர். 1970ஆம் ஆண்டின் 'டயானா' வழக்கு, தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டில் முடிந்தது.

ஆனால் தாய்மொழியில் சோதிப்பது மட்டும் போதுமா? சில இலக்கங்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லவைக்கும் நினைவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் இதில் அமெரிக்கச் சராசரிக்குக் கீழே நின்றார்கள். எல்லிஸ், ஹென்னெலி என்ற ஆய்வாளர்கள் 1980இல் காரணத்தைக் கண்டு சொன்னார்கள். வெல்ஷ் எண்பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. நாமோ இலக்கங்களை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் நினைவில் நிறுத்துகிறோம். இரு மொழியும் அறிந்த ஒருவரே வெல்ஷ் மொழியில் குறைவாகவும் ஆங்கிலத்தில் அதிகமாகவும் நினைவில் வைத்தார். மூளை ஒன்று, மதிப்பெண் இரண்டு!

நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஏழைத் தவிர மற்றவை ஓர் உயிரொலியில் முடிந்துவிடுகின்றன. தமிழில் அப்படி ஒன்றுகூட இல்லை. 'ஒன்பது' மூன்று உயிரொலிகளைக் கேட்கிறது. இதற்கு ஆகும் நேரத்தை அளந்து பாராமல், ஆங்கிலக் குழந்தைகளுக்கென வகுத்த அட்டவணையைத் தமிழ்க் குழந்தையின் தலையில் கவிழ்ப்பது எந்த விஞ்ஞானம்?

சோதனைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிய அவை பயன்படும். ஆனால் வினாவை மொழிபெயர்ப்பவர் ஒப்பீட்டு அட்டவணையையும் அம்மொழிப் பிள்ளைகளைக் கொண்டே புதிதாக வகுக்க வேண்டும். எம்மொழியில் சோதித்தோம், யாரோடு ஒப்பிட்டோம் என்பதை மதிப்பெண்ணுக்கு அருகிலேயே எழுதவும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாத அறிக்கை நீட்டப்பட்டால், பெற்றோர் அவற்றைக் கேட்டுப் பெறாமல் கையெழுத்திடக் கூடாது.