கண்டெய்னர் கடல் தாண்டுது. முகாம் பையன் தாண்ட முடியலே!

தூத்துக்குடி துறைமுகத்தில் ஏறும் கண்டெய்னர் கொழும்பு வழியாக உலகம் சுற்றுகிறது. நம்ம மாவட்டத்திலேயே, எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பையன் விமானம் ஏற முடியாது. காரணம், பாஸ்போர்ட் கிடையாது.

அவன் ஓட்டத்தில் சூரன் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் போட்டியில் கப் வாங்கலாம். இந்தியாவுக்காக ஓட இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையையோ அவன் கண்ணால் பார்த்ததே இல்லை!

அகதிகளுக்கும் அணி

ஒலிம்பிக்கில் இதற்கு வழி இருக்கிறது. 2016 ரியோவில் அகதிகளுக்கென்றே தனி அணி இறங்கியது. அப்போது 10 பேர். டோக்கியோவில் 29. 2024 பாரீசில் 37.

பாரீசில் அந்த அணிக்கு முதல் பதக்கமும் வந்தது. கேமரூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சிண்டி இங்காம்பா, குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாததால் பிரிட்டன் அணியில் இடம் கிடைக்காதவர் அவர்.

அப்படியானால் தாப்பாத்தி பையனுக்கு என்ன தடை?

சிக்கல் எங்கே?

அகதி அணியில் சேர, ஐ.நா. அகதிகள் ஆணையம் 'இவர் அகதிதான்' என்று உறுதி செய்ய வேண்டும். இந்தியாவோ 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. முகாம்களை நடத்துவது அரசு, ஐ.நா. அல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர, 2022-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஆனால் இன்று ஓடுகிற வயதில் இருக்கும் பிள்ளைகள் அந்தத் தேதிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள்.

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியிருப்பதற்குத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் 'பிடிக்க மாட்டோம்' என்பது வேறு. 'போய் வா' என்பது வேறு!

என்ன செய்யலாம்?

புதுச் சட்டமே வேண்டாம். திபெத் அகதிகளுக்கு மத்திய அரசு 'அடையாளச் சான்று' என்ற மஞ்சள் புத்தகம் தருகிறது. அதை வைத்து அவர்கள் வெளிநாடு போய் வருகிறார்கள். அதேபோல் முகாம் வீரர்களுக்கும் தரலாம். ஐ.நா. ஆணையத்துக்குச் சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது. திறமையுள்ளவர் பட்டியலை மாநில அரசு அங்கே கொண்டு போகலாம்.

2021-ல் 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். போர்டு மாறிவிட்டது. பையன் வாழ்வு மாறுவது எப்போ?

ஓடுகிற கால்களுக்கு வயது காத்திருக்காது!