மீடிறனும் பிணைப்பும்: ஒரு மறுப்பு

அளக்கப்பட்டதெல்லாம் அறியப்பட்டதே என எண்ணும் மயக்கம் இரசாயனவியலில் இன்னும் நீங்கிற்றில்லை. சேதனவுலோக ஏலைட்டுகளின் பிணைப்பை ஆராயக் கருநான்முனைவுப் பரிவைக் கையாள்வோர் சிலர், மீடிறன் ஒன்றை அளந்ததும் அதனை அயன்தன்மைச் சதவீதமாக மாற்றி அட்டவணையில் ஏற்றிவிடுகின்றனர். இவ்வழக்கம் கைவிடப்படவேண்டியதாகும்.

முறையின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. 1950இல் டெமெல்ற், குறூகர் ஆகிய இருவரும் திண்மப் பொருளில் இப்பரிவைக் கண்டனர். கோளவடிவற்ற கருவின் சத்திமட்டங்கள், சூழவுள்ள மின்புலத்தின் படித்திறனுக்கேற்பப் பிரிகின்றன. வெளிக் காந்தமண்டலம் வேண்டியதில்லை. குளோரீன்-35 கருவுக்கு, தனியணுவில் மீடிறன் 54.87 மெகாஏட்சு, கோளச் சமச்சீருடைய குளோரைட்டு அயனிற் பூச்சியம். இவ்விரு எல்லைகளுக்கிடையே பிணைப்பை மதிப்பிடலாம் என்பதே ரவுன்சு, டெயிலி ஆகியோர் 1949இல் வகுத்த கொள்கையின் சாரம். கொள்கையிற் குறையில்லை, அதனை அளவுகோலாக்கும் அவசரத்திலேயே குறை உளது.

சிலிக்கன் நாற்குளோரைட்டின் மீடிறன் ஏறத்தாழ 20.4 மெகாஏட்சு. எளிய கணிப்பு அப்பிணைப்பை 63 சதவீதம் அயன்தன்மையது என்கின்றது. 58 பாகை செல்சியசுக்குள் கொதித்துவிடும் திரவத்துக்கு இம்முடிவு பொருந்துமா? குளோரீனின் தனிச்சோடி சிலிக்கனை நோக்கிப் பை-பிணைப்பாகச் சாய்ந்தாலும் மீடிறன் குறையும். காரணம் இரண்டு, எண் ஒன்று. ஓர் எண்ணைக்கொண்டு இரு காரணங்களைப் பிரித்தறிதல் எவ்வாறு?

வெள்ளீய நாற்குளோரைட்டு 23.7 முதல் 24.3 வரை நான்கு கோடுகளைத் தருகின்றது. ஒரே மூலக்கூற்றின் நிகர்த்த நான்கு குளோரீன்களுக்கு நான்கு அயன்தன்மைகளோ? அன்று, அவ்வேறுபாடு பளிங்கின் அடுக்கமைப்பால் விளைந்தது. இதனினும் சிறிய வேறுபாடுகளைப் பதிலீட்டுக் கூட்டங்களின் விளைவென விளக்குதல் மணலிற் கட்டிய வீடேயாகும்.

குளோரீன் இரண்டுக்குப் பதிலாக மெதைல் இரண்டு ஏறின், மீடிறன் 15க்குச் சற்று மேலாக வீழ்கின்றது. மெதைல் இலத்திரனை வழங்கியதால் அயன்தன்மை மிகுந்தது என்பர். ஆயின் இருமெதைல் வெள்ளீய இருகுளோரைட்டின் பளிங்கில், குளோரீன் அயல் மூலக்கூற்றின் வெள்ளீயத்தையும் 0.35 நனோமீற்றரளவில் அணுகி நிற்கின்றது. அவ்வீழ்ச்சியில் மெதைலின் பங்கு எவ்வளவு, அயலானின் பங்கு எவ்வளவு? அட்டவணை மௌனஞ் சாதிக்கின்றது.

இதனால் முறையையே புறக்கணிப்போரும் தவறிழைக்கின்றனர். குளோரீனும் புரோமீனும் 3/2 கறங்கலுடையன. தூளில் ஒவ்வொரு தானமும் ஒரு கோடே தரும். சமச்சீரின்மை அதனுள் மறைந்துகிடக்கும். 5/2 கறங்கலுடைய அயடீன்-127 இரு கோடுகள் தருதலால், படித்திறனும் சமச்சீரின்மையும் தனித்தனியே பெறப்படும். சமச்சீரின்மை பெரிதாயின் பாலப் பிணைப்போ பை-பிணைப்போ உளதெனத் தேடலாம். பளிங்கமைப்போடு ஒப்பிட்டால் அத்தேடலும் முடிவுறும்.

ஆகவே வேண்டப்படுவது கருவியைத் துறத்தலன்று. கருவி கூறாததைக் கூறியதாகக் காட்டாமையே. ஒரே குடும்பச் சேர்வைகளை ஒப்பிடுக, பளிங்கமைப்பை அருகில் வைத்திடுக, சமச்சீரின்மையை அளந்திடுக. அதன்பின்னரே சதவீதம் எழுதப்படுவதாகுக. மாணவன் ஏட்டிற் பதியும் எண் விடையாகத் தோன்றலாம். அது உண்மையில் வினாவேயென உணர்த்துதல் ஆசிரியர் கடன்.