கப்பல் வந்தால் காசு கொட்டுமா?

2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலுக்கு அனுமதி மறுத்து, புதுச்சேரி தன் வருமானத்தைத் தானே கெடுத்துக்கொண்டது என்கிறார் கப்பல் சுற்றுலாவை ஆதரித்து எழுதிய ஒரு கட்டுரையாளர். கடலே இல்லாத ஹைதராபாத்தின் தார்நாகாவிலிருந்து பதில் எழுதுகிறேன். கணக்குப் பார்க்கக் கடற்கரை தேவையில்லை.

அன்று எதிர்ப்பு கிளம்பியது கப்பலுக்குள் நடக்கும் சூதாட்டத்துக்கு. புதுச்சேரியின் பழைய நகரம் கப்பல் பயணிகளின் கூட்டத்தைத் தாங்குமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

படுக்கை, சாப்பாடு, கேளிக்கை எல்லாவற்றுக்கும் பயணி கப்பலிலேயே பணம் கட்டிவிடுகிறார். கரையில் அவர் இருப்பது சில மணி நேரம். ராத்தங்காதவரால் ஊரின் விடுதிக்காரருக்கு என்ன லாபம்? பிரெஞ்சுக் குடியிருப்பின் தெருக்களுக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும்தான்.

வெனிஸ் கப்பலால் வாழவில்லையா என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். அந்த வெனிஸில்தான் 2019 ஜூனில் ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து சுற்றுலாப் படகில் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் மையக் கால்வாய்க்குள் நுழையத் தடை. அந்த அளவுகோலில் 48,000 டன்னைத் தாண்டும் எம்பிரஸே தேறாது!

கப்பலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நாளுக்கு இரண்டு கப்பல் என்று வரம்பு வைத்தது. இங்கோ 2029க்குள் கப்பல் பயணிகளை இரட்டிப்பாக்க ஒன்றிய அரசு திட்டமிட்டிருக்கிறது. ஆகவே தினசரி வரம்பும், நகராட்சிக்குத் தலைக்கட்டணமும் இப்போதே விதியாக வேண்டும். அவை இல்லாமல் ஊருக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று கட்டுரையாளர் பைசா சுத்தமாகக் காட்டட்டும்.